வாங்குவதா, நிரப்புவதா: .22 ரைபிள் சுடும் ஒருவனின் தோட்டாக் கணக்கு

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, வேலூரில் மலையடிவாரத்தில் நடந்த என்.சி.சி. துப்பாக்கிச் சுடும் பயிற்சியில்தான் நான் முதன்முதலாகத் தோட்டாவைக் கையில் தொட்டேன். ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் குனிந்து புல்லை விலக்கித் தேட வேண்டும். அன்றைக்கு ஒன்று குறைந்தது. அரை மணி நேரம் தேடிய பிறகு அது என் காக்கிச் சட்டையின் மடித்துவிட்ட கைக்குள் இருந்து விழுந்தது. அதை ஹவில்தாரிடம் நீட்டும்போது, இவ்வளவு பத்திரமாக எண்ணி வாங்குகிறார்களே, மறுபடியும் வெடிமருந்து போட்டு நிரப்பத்தான் போலிருக்கிறது என்று நினைத்து அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கூட்டைத் திருப்பி, அடிப்பக்க விளிம்பில் விழுந்திருந்த சின்னப் பள்ளத்தை நகத்தால் காட்டினார். "அடி எங்க விழுந்திருக்கு பாருப்பா. இது சாப்பிட்டு முடிச்ச எலை. இதுல மறுபடி பரிமாற முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. காட்பாடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், நான் உறுப்பினராக உள்ள கிளப்பில் .22 ரைபிளில், அதாவது 0.22 அங்குலக் குழல் கொண்டதில், 50 மீட்டர் சுடுகிறேன். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே முட்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு, தங்கள் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். தோட்டாவின் விலையைக் கேட்டதும் அவர்களில் பலர் மலைத்துப் போய், நான் சிறுவனாகக் கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள்: வெளிநாட்டில் வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறார்களாமே, நாமும் அப்படிச் செய்தால் என்ன? ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை என்பதால், பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஹவில்தார் காட்டிய பள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். .22 தோட்டாவில் தீப்பற்ற வைக்கும் பிரைமர் தனிப் பொருத்தாக இருப்பதில்லை. கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். ஆலையில் ஈரமான பிரைமர் கலவையை அதற்குள் இட்டு, கூட்டைச் சுழற்றி, விளிம்பு முழுவதும் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் கலவை பற்றிக்கொள்கிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி, உள்ளே புதிய கலவையை அதே சீராகப் பரப்புவது வீட்டில் நடக்கிற காரியமல்ல. நடுவில் தனி பிரைமர் பொருத்தப்பட்ட பெரிய தோட்டாக்களில் அப்படியில்லை. சுட்ட பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம், பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். ஆகவே நம் ஊரில் பெரும்பாலானோர் சுடும் .22க்கு நிரப்புதல் என்ற பேச்சே எழாது.

பெரிய ரைபிள் வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ரைபிள் உரிமம் இருப்பதால் தோட்டா நிரப்பும் உரிமையும் தானாக வந்துவிடாது. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, நிரப்பும் கருவியைப் பெட்டிக்குள் போட்டு ஊருக்குக் கொண்டுவரலாம் என்று என்னிடமே ஒருவர் ஆலோசனை கேட்டார். செய்யவே வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இங்கும் அதையே சொல்கிறேன்.

அப்படியானால் நிரப்புவதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறார். ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெர்ரி சுடுதளத்துக்கு ஆண்டுதோறும் போய்வருகிறவர். ஒரு கோடை விடுமுறையில் அவர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் கார் கொட்டகைக்குள் போய்விடுவார். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த மேசை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐம்பது குழிகள் கொண்ட ஒரு மரக்கட்டையில் துலக்கிய பித்தளைக் கூடுகள் வாய் மேல்நோக்கி வரிசையாக நிற்கும். தராசில் மருந்தை அளந்து, குறைந்தால் இரண்டு மூன்று மணிகளை விரலால் தட்டித் தட்டி விழச் செய்து, எண் சரியாக வந்த பிறகே புனல் வழியாகக் கூட்டுக்குள் கொட்டுவார். ஐம்பதும் முடிந்ததும் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கூட்டின் வாயிலும் ஒளியைப் பாய்ச்சி, மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அது முடியும்வரை ஒரு குண்டைக்கூடக் கையில் எடுக்க மாட்டார். ஒருநாள் நடுவில் யாரோ தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பேசிவிட்டு வந்தவருக்கு, டார்ச் அடித்துப் பார்த்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் குண்டு பொருத்தி முடித்திருந்த நாற்பது தோட்டாக்களையும் சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் ஒவ்வொன்றாக வைத்துத் தட்டி, குண்டையும் மருந்தையும் திரும்பப் பிரித்து எடுத்தார். "ஒண்ணுல மருந்து இல்லன்னா குண்டு குழலுக்குள்ளயே நின்னுடும் மாமா. அது தெரியாம அடுத்ததச் சுட்டா குழல் வெடிக்கும். ரெண்டு மடங்கு மருந்து விழுந்திருந்தா மொதல் வெடியிலயே முடிஞ்சிடும்" என்றார். ஒரு மாலை முழுவதும் செய்த வேலை வீணானதைப் பற்றி அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. நிரப்பும் வேலைக்கு இந்தப் பொறுமைதான் முதல் முதலீடு என்று எனக்கு அப்போது தோன்றியது.

பணக்கணக்கையும் அவரிடம் துருவிக் கேட்டேன். ஆலைத் தோட்டாவின் விலையில் பெரும்பங்கு பித்தளைக் கூட்டுக்கே போகிறது. அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு முறையும் செலவாவது பிரைமர், மருந்து, குண்டு ஆகிய மூன்றும்தான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆலையின் போட்டித் தோட்டா ஒன்று 100 ரூபாய், நிரப்பியது 55 ரூபாய், கருவிகளுக்கு 60,000 ரூபாய் என்றால், 1,300 தோட்டாக்களுக்கு மேல் சுட்ட பிறகுதான் முதல் ரூபாய் மிச்சமாகத் தொடங்கும். நூறு தோட்டா நிரப்ப அவருக்குக் கூடு துலக்குவது முதல் கடைசி வரை மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. அந்த உழைப்புக்கு இந்தக் கணக்கில் கூலி சேரவில்லை. 2020ஐ ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது, கருவிகளும் கூடுகளும் மேசையில் இருந்தும் அவரால் நிரப்ப முடியாமல் போனது. மிச்சமான பணத்தில் முன்பைவிட அதிகமாகச் சுட்டதால் ஆண்டுச் செலவு குறையவே இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு எதற்காக நிரப்புகிறார்? துல்லியத்துக்காக. ஆலை தன் தோட்டாவை, அந்த அளவுத் தோட்டாவைச் சுடும் எல்லாத் துப்பாக்கிகளுக்குள்ளும் நுழையும்படி செய்தாக வேண்டும். அவருடைய கூடோ அவர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே விரிந்து, அந்த அறையின் அளவை எடுத்துக்கொண்டது. குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அதன் பலன் தூரத்தில்தான் தெரிகிறது. ஆகவே 200, 300 கஜத்துக்கு ஆலைத் தோட்டாவை வாங்கிக்கொண்டு, 600 கஜத்துக்கு மட்டும் 80 கிரெயின் (சுமார் 5 கிராம்) எடையுள்ள நீளமான குண்டு பொருத்தித் தானே நிரப்புகிறார். எங்கே பலன் உண்டோ அங்கே மட்டும் மெனக்கெடுவது என்ற இந்தப் பிரிவினையைத்தான் நான் அவரிடமிருந்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அவர் செய்வது காலை அளந்து செருப்புத் தைப்பது போன்றது. .22 சுடுகிற நமக்குத் தைத்துக்கொள்ள வழியில்லை. கடையில் இருப்பதைப் பத்து ஜோடி போட்டுப் பார்த்துப் பொருந்துவதை எடுக்க வேண்டியதுதான். என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தவர். ஒரு ஜோடியின் இடதையும் வலதையும் முடிந்தவரை ஒரே தோலிலிருந்து வெட்ட வேண்டும் என்பார். ஒரே டேனரி, ஒரே சாயம், ஒரே வாரம் என்றாலும், ஒரு முறை பதமிட்ட தோல் இன்னொரு முறை பதமிட்டதைப் போல இருக்காது. பட்டறை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தது தெருவில் வெயில் பட்டதும் வேறாகத் தெரியும். தோட்டாவில் 'லாட்' என்று சொல்வது இதைத்தான். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனால் ஈயக்கம்பி, மருந்து, பிரைமர் கலவை, அன்றைய இயந்திர அமைப்பு ஆகியவை ஒன்றாக இருந்த ஓட்டத்துக்கு ஒரு லாட் எண், அடுத்த ஓட்டத்துக்கு வேறு எண். அப்பாவிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்திருக்கும். எனக்குப் புரியப் பல ஆயிரம் ரூபாய் செலவானது.

சொந்த உரிமத்தில் ரைபிள் வாங்கிய இரண்டாம் ஆண்டு அது. நம் நாட்டில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்குவதெல்லாம் அதில் பதிவாகும். இறக்குமதித் தோட்டா, 1951இல் தொடங்கப்பட்ட தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாக வரும்போது, அது வந்து சேரும் நாளை நம்மால் சொல்ல முடியாது. அந்த ஆண்டு வரத்து பல மாதம் தாமதமாகி, கையில் ஐம்பது தோட்டாகூட இல்லாத நிலையில், புகழ்பெற்ற ஒரு தயாரிப்பின் நடுத்தர ரகம் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும், ஒரு பெட்டிகூடச் சுட்டுப் பார்க்காமல் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முழுவதையும் அதிலேயே வாங்கிவிட்டேன். நண்பரின் ரைபிளில் அதே ரகம் அருமையாகப் போனதை நேரில் பார்த்திருந்தேன். அது வேறு லாட் என்று கவனிக்கத் தோன்றவில்லை. என் குழலில் பத்துக் குண்டில் எட்டு ஒரே இடத்தில் விழும். மிச்சம் இரண்டு காரணமே இல்லாமல் ஒரு விரற்கடை விலகி விழும். என் மூச்சில் கோளாறா, விசையை இழுப்பதில் கோளாறா என்று ஐந்து மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டு, கைப்பட்டையை மாற்றி, பின்கட்டையின் நீளத்தை மாற்றி, சரியாக இருந்த நிலையையும் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் கிளப்பின் மூத்தவர் ஒருவர், "சார், உங்க ரைபிளை மூட்டை மேல வெச்சு ஒரு தடவை சுட்டுப் பாருங்க" என்றார். மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டபோதும் அதே இரண்டு குண்டுகள் விலகின. தோட்டா மலிவுதான், அது தின்ற ஐந்து மாதம் மலிவில்லை.

அன்றிலிருந்து, சுட்டுப் பார்க்காமல் எந்த லாட்டையும் மொத்தமாக வாங்குவதில்லை. சோதிக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

பாலாற்று மணலைச் சலித்து, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, பழைய ஜீன்ஸ் துணியில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு மூட்டை தைத்திருக்கிறேன். ஈரம் இருந்தால் மூட்டை இறுகிப் போகும். பொடி இருந்தால் தையல் வழியாகக் கசிந்து போல்ட்டுக்குள் புகும். காலை காற்று எழுவதற்கு முன்பே சோதனையை முடித்துவிட வேண்டும். ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளை அளவில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு ஆலையும் குண்டின் மேல் பூசும் மெழுகும் கொழுப்பும் வேறு என்பதால், பழைய பூச்சு குழலிலிருந்து போய்ப் புதியது படியும்வரை குண்டுகள் அலையும். அதன்பிறகு ஒரு லாட்டுக்குப் பத்துப் பத்தாக மூன்று குரூப் (ஒரே குறியில் சுடும் குண்டுகளின் தொகுதி), ஒவ்வொன்றும் தனித் தாளில். பத்துப் பதினைந்து போக முப்பது. ஐம்பது தோட்டாக்கள் உள்ள ஒரு பெட்டி போதும்.

ஐந்து குண்டு குரூப்பை நம்பவே வேண்டாம். மோசமான லாட்டும் ஐந்தில் ஒருமுறை அழகாக விழும். என் ஒதுக்கீட்டைத் தின்ற அந்த லாட்டிலேயே ஐந்து குண்டும் ஒரே துளையாக விழுந்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்தில் இரண்டு விலகும் தோட்டாவை ஐந்து ஐந்தாகச் சுட்டால், மூன்று தாளில் ஒன்று குறையே இல்லாமல் வருவதற்கு வாய்ப்பு உண்டு. பிளஸ் டூ நிகழ்தகவுப் பாடத்தில் வருகிற கணக்குதான்: 0.8ஐ ஐந்துமுறை பெருக்கினால் 0.33.

அளப்பது வெர்னியரில். ஆனால் எந்த அளவு போதும் என்பதற்கு இலக்கையே கேட்க வேண்டும். 50 மீட்டர் ரைபிள் இலக்கின் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர் விட்டம், குண்டு 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அதாவது குண்டுகளின் மையங்கள் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்குகிற லாட், சரியாகக் குறி வைக்கப்பட்டால், பத்தை விட்டு வெளியே போகாது. என் ரைபிளில் 15க்குள் அடங்கும் நடுத்தர லாட் ஒன்று கிடைத்தால், 12க்குள் அடங்கும் உச்ச ரகத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க மாட்டேன். ஏனென்றால் முட்டியிட்டும் நின்றும் சுடும்போது என் உடம்பின் ஆட்டமே அதைவிடப் பெரிது. தசமத்தில் புள்ளி கணக்கிடும் படுத்துச் சுடும் போட்டிக்குத் தயாராகும் இளையவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு அந்த 3 மில்லிமீட்டர் உண்மையிலேயே பெரிது.

குரூப்பின் அகலத்தைவிட உயரத்தை நான் கவனமாகப் பார்க்கிறேன். இந்தத் தோட்டா வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி எடுத்துக்கொள்கிறது. வேகம் 10 மீட்டர் குறைந்தால் இலக்கில் 7, 8 மில்லிமீட்டர் கீழே விழும். எனவே குரூப் செங்குத்தாக நீண்டால், லாட்டுக்குள்ளேயே வேகம் சீராக இல்லையோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஈலி என்ற தயாரிப்பின் பெட்டியில் லாட் எண்ணோடு வேகத்தையும் அச்சிடுகிறார்கள். எந்த வேகம் தன் குழலுக்கு ஒத்துப்போகிறது என்பதை இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பிலிருந்து கண்டுகொண்டால், சோதனைக்கு எடுக்கும் பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே ஆலையில் பல ரகங்கள் தயாராவதையும் மனத்தில் வைக்க வேண்டும்: லாபுவா நிறுவனத்தின் .22 தோட்டாவும் அதைவிட விலை குறைந்த எஸ்.கே. தோட்டாவும் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் ஒரே இடத்தில்தான் உருவாகின்றன. நல்ல லாட் அமைந்தால், விலை குறைந்த பெட்டி கூடுதல் விலைப் பெட்டியை என் குழலில் முந்தியதை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மைத்துனரின் மேசையைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், நிரப்ப முடியாவிட்டாலும் தரம் பிரிக்கலாமே என்று, நகைக்கடைகளில் வைத்திருப்பது போன்ற ஒரு சிறிய மின்தராசு வாங்கி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.3 கிராம் இருக்கும் ஐந்நூறு தோட்டாக்களை எடைபோட்டுப் பிரித்தேன். கிளப்பின் மேசையில் நான்கு சனிக்கிழமை போயிற்று. நல்ல லாட்டில் எடை பிரித்ததால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மலிவான லாட்டில் எடை மிகவும் விலகியிருந்த சிலவற்றில் சில மட்டும் இலக்கிலும் விலகின. விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்புக்குள் பரவியிருக்கும் கலவையில் இருக்கிறது. அதைத் தராசு பிரித்துச் சொல்லாது. அந்த நான்கு சனிக்கிழமைகளை நின்ற நிலைப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மே மாதப் போட்டியில் தோட்டாக் கட்டையைச் சுடும் இடத்தின் சிமென்ட் தரையில், நிழல் நகர்ந்துபோன பக்கமாக வைத்துவிட்டேன். கையில் எடுக்கும்போதே சூடு தெரிந்தது. பூச்சு இளகி விரலில் ஒட்டியது. அந்தத் தொடர் முழுவதும் குண்டுகள் மேலே ஏறி விழுந்தன. மருந்து சூடானால் எரியும் வேகம் கூடும், குண்டும் வேகமாகப் புறப்படும். அதன்பிறகு வெள்ளைத் துணி போர்த்திய மரப்பெட்டிக்குள்தான் கட்டையை வைக்கிறேன். வெயிலால் ஒரு நன்மையும் உண்டு: 40 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 355 மீட்டர் என்பதால், நம் தோட்டா அந்த எல்லையிலிருந்து வெகுதொலைவு கீழேயே பறக்கிறது, ஒலி எல்லையைத் தாண்டிவிட்டு இறங்கும் குண்டுக்கு ஏற்படும் குலுக்கல் இங்கே வர வாய்ப்பில்லை.

லாட்டுகளைக் கலப்பது அதைவிடக் கொடிய தவறு. மாநிலப் போட்டி ஒன்றில் முதல் நாற்பது குண்டை ஒரு லாட்டிலும், பெட்டி தீர்ந்ததும் மீதியை வேறு லாட்டிலும் சுட்டேன். இரண்டுமே தனித்தனியாக நல்ல லாட்டுகள். ஆனால் விழும் இடம் ஒன்றுக்கொன்று சற்று மாறியிருந்தது. அதைப் புரிந்துகொண்டு குறியைத் திருத்துவதற்குள் நான்கு குண்டுகள் பத்துக்குப் பதில் ஒன்பதில் விழுந்துவிட்டன. இப்போது போட்டிக்கு நூறு தோட்டா ஒரே லாட்டில் கையில் இல்லையென்றால் அந்த லாட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

செலவைக் குறைப்பது என்று வந்தால், எனக்குப் பலித்தது இதுதான். விலை டாலரோடும் யூரோவோடும் ஏறி இறங்குவதால் ரூபாயில் சொல்லாமல் விகிதத்தில் சொல்கிறேன். சாதாரண ரகம் 1 என்றால் உச்ச ரகம் 3 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 தோட்டாவும் உச்ச ரகம் என்றால் 9,000 பங்கு. போட்டிக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் சேர்த்து 600 மட்டும் உச்ச ரகம், மீதி 2,400 சோதித்துத் தேர்ந்த சாதாரண ரகம் என்றால் 4,200 பங்கு. பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. அந்த 2,400இலும் பாதியை வீட்டில் தோட்டாவே இல்லாமல் செய்யும் வெறும் விசைப் பயிற்சிக்கும், 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் மாற்றலாம். ஏர் ரைபிளின் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஐந்நூறு உள்ள டப்பாவாக வருகிறது. ஒரு பெல்லட்டுக்கு ஆகும் செலவு .22 தோட்டாவில் ஒரு சிறு பங்குதான். அதன் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. நின்று சுடுவதற்கு அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. எனக்கு விசை இழுக்கும் ஒழுக்கம் வந்தது அதில்தான். வெறும் விசைப் பயிற்சி செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விளிம்பில் அடிக்கும் துப்பாக்கி என்பதால், அறை காலியாக இருந்தால் ஊசி குழலின் விளிம்பையே தாக்கிப் பள்ளம் ஏற்படுத்தக்கூடும், தயாரிப்பாளர் அனுமதித்த வழியில், அதற்கென உள்ள அமைப்போடு மட்டுமே செய்ய வேண்டும்.

இன்னொரு வழி, சேர்ந்து வாங்குவது. எங்கள் கிளப்பில் நான்கு பேர் அவரவர் உரிமத்தில் அவரவர் ஒதுக்கீட்டுக்குள் வாங்கினாலும், வாங்கும் நாளை ஒன்றாக வைத்துக்கொள்கிறோம். வந்திருக்கும் லாட்டுகளில் ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்து, ஒரே காலையில் நான்கு குழல்களிலும் சுட்டுப் பார்க்கிறோம். என் குழலில் அலைகிற லாட் இன்னொருவர் குழலில் ஒட்டிக்கொண்டு விழும். அவரவருக்கு ஒத்ததை அவரவர் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் ஒதுக்கீடு வீணாவதில்லை. ஒரே தயாரிப்பு, ஒரே மாதிரி ரைபிள் இரண்டில்கூட முடிவு வேறாக வந்ததைப் பார்த்த பிறகு, எந்தத் தோட்டா நல்லது என்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். உங்கள் ரைபிளைக் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் நோட்டில் இப்போது பதினேழு லாட் எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, வெப்பநிலை, மூன்று குரூப்பின் உயரம், அகலம், மீதமுள்ள எண்ணிக்கை. நடப்பு லாட்டில் 340 தோட்டா மிச்சம் இருக்கிறது. நவம்பர் போட்டிக்கு நூறு எடுத்துவைத்துவிட்டுப் பார்த்தால், அடுத்த வரத்துக்கு முன் தீர்ந்துவிடும். போன வாரம் இரண்டு புதிய லாட்டுகள் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. மணல் மூட்டையைப் பிரித்து, மழைக்காலத்து ஈரம் போக மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காற்று எழுவதற்கு முன் சுட்டுப் பார்க்க வேண்டும்.